மணல்திட்டில் விடுபட்ட ஒன்பது பேர்

எனக்கு வயது முப்பத்து நான்கு. படகுத்துறைக்கு எதிரே உள்ள கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்துகொண்டு, அதே துறைக்குக் கணினி நிரல் எழுதும் வேலை பார்த்து வருகிறேன். துறையில் சீட்டுக் கொடுப்பவரும், தற்போது தங்கள் விசாரணையில் இருப்பவரும் என் சொந்த அண்ணி. யாரும் வற்புறுத்தாமல் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பதினோரு பேர் பறவை பார்ப்பதற்காக முகத்துவாரத்து மணல்திட்டுக்குப் போனார்கள். நான்கரைக்கு மேல் நீர் ஏறித் திட்டு மூழ்கிவிடும் என்பதால் மூன்று மணிக்கே அவர்களை ஏற்றி வர வேண்டும். போனவர் எத்தனை, வந்தவர் எத்தனை என்று அண்ணி தன் அறையில் தட்டுவார். இரண்டும் சரியானால் துறை முனையில் படகுக்காரர் பார்க்கும் திரையில் பச்சை விழும். அன்று தலைச்சுற்றல் என்று ஒரு பெரியவர் மீன்பிடிப் படகில் முன்னதாகவே திரும்பினார். அதன் பிறகு ஒரு பெண் இன்னொரு படகில் வந்தார். வந்தவர் கணக்கில் நடைக்கு ஒரு கட்டம் உண்டு; நிரல் அவற்றைக் கூட்டிக்கொள்ளும். அண்ணி முதல் கட்டத்தில் ஒன்றும் அடுத்த கட்டத்தில் ஒன்றும் போட்டுவிட்டு, வேலை நேரம் முடிந்து ஒரு மணிக்குக் கிளம்பினார். அவர் போன பிறகு வரும் நடையைப் படகுக்காரரே தட்டுவார்.

அதன் பிறகு மூடுபனி இறங்கியது. படகுகளும் விளக்குக் கம்பமும் ஒவ்வொன்றாகக் கரைந்து, என் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் தாளை ஒட்டியதுபோல் ஆனது. மூன்று மணிக்குத் திரை, பதினோரு பேரும் வந்துவிட்டதாகப் பச்சை காட்டியதால், படகுக்காரர் படகைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். அவர் மேல் தவறில்லை.

நாலேகாலுக்குப் பனிக்குள்ளிருந்து பாட்டு கேட்டது. ஆளில்லாத குரல்கள், சேர்ந்து பாடின. நன்றாக இருக்கிறதே என்று ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அதன் பிறகுதான் அது வரும் திசை எது என்று உறைத்தது. படகுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் ஓடி வந்து படகை எடுத்தார்.

நான் கீழே இறங்கிப் போய்த் துறை முனையில் திரையின் முன் நின்றேன். பார்த்ததுமே புரிந்துவிட்டது. கட்டத்தில் எதைத் தட்டினாலும் நான் பயன்படுத்திய நிரல்மொழி அதை எழுத்தாகத்தான் வாங்கும். எழுத்தையும் எழுத்தையும் கூட்டச் சொன்னால் பக்கத்தில் ஒட்டி வைக்கும். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, பதினொன்று. நான் ஒரு சோதனை வைத்திருந்தேன்; ஆனால் அது எண் போலத் தெரிகிறதா என்று மட்டுமே கேட்கும், எழுத்தாக வந்த ஒன்றையும் உள்ளே விட்டுவிடும். நீ எண்ணா எழுத்தா, உன் வகை என்ன என்று நேராகக் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தெரியும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். அன்றுவரை எல்லோரும் ஒரே நடையில் திரும்பியதால் இரண்டாவது கட்டத்துக்கு வேலையே வரவில்லை.

அதன் பிறகு மாடிக்குப் போய் அந்த வரியைத் திருத்தி, துறைக் கணினியில் பழையது இருந்த தடத்தையும் அழித்தேன். தூக்கத்தில் எழுந்து கதவைச் சாத்துவது போலிருந்தது. விரல்கள் தம் போக்கில் வேலை செய்தன. அப்போது மணி நாலு நாற்பது.

ஒன்பது பேரும் மார்பளவு நீரில் கைகோத்து நின்றதாகப் படகுக்காரர் சொன்னார். எட்டுப் பேர் நடந்து கரையேறினார்கள். மற்றவர்களைப் பாடவைத்த இசை ஆசிரியையை நினைவில்லாமல் இறக்கினார்கள். இன்று காலை வரை அவர் கண் திறக்கவில்லை.

மறுநாள் தங்கள் ஆட்கள் ஒன்றும் ஒன்றும் தட்டிப் பார்த்தபோது இரண்டு வந்தது. அண்ணிதான் தவறாகத் தட்டியிருக்கிறார் என்று முடிவானது. அன்று மாலை அவர் என் அறைக்கு வந்தார்.

"தம்பி, நான் ஒண்ணும் ஒண்ணும்தான் போட்டேன். நீ எழுதினதுதானே, வேற மாதிரி வருமா?"

"வராது அண்ணி."

"அப்ப என் கைதான் தப்பு பண்ணிருக்கு போல" என்று தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் தங்களிடமும் அப்படியே சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இன்று காலை இந்தக் காவல் நிலையத்து வாசலில் வைத்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர், "உள்ள போய் முதல்ல அவங்ககிட்ட சொல்லு. எனக்கு நீ சொல்ல வேண்டியது வேற இருக்கு, அத வீட்ல வந்து சொல்லு" என்றார்.

திருத்துவதற்கு முந்தைய நிரலின் நகல் என் வீட்டுக் கணினியில் இருக்கிறது; அதை ஒப்படைக்கிறேன். இதை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)