பட்டாணி விரித்த இரண்டாவது பாய்

“ஹலோ... ஹலோ... ஆமா, நான்தான். கேக்குது, கேக்குது, சொல்லுங்க... என்னது, எங்க மேடம் உங்களுக்குப் போன் பண்ணாங்களா? எப்போ?... ஐயோ, அந்தம்மாவுக்கு வேற வேலையே இல்லையா!”

குழந்தைகள் உட்காரும் குட்டை நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருந்தாள். முழங்கால் மோவாயை இடித்தது. பள்ளி விட்டு வகுப்பறை காலியாகிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதற்கான பட்டப்படிப்பு, கடைசி வருடம்; இந்த வகுப்பில் மேடத்தின் மேற்பார்வையில் பயிற்சி. போனில் கணவன்; அவன் ஊரில் வீட்டில், இவள் இங்கே ஹாஸ்டலில். மகள் போன பிறகு அந்த வீட்டில் இருப்புக் கொள்ளாமல்தான் இந்தப் படிப்பில் வந்து விழுந்தாள். வந்த இடத்திலாவது நிம்மதி கிடைத்ததா என்றால், அதுதான் இல்லை.

“இருங்க, இருங்க. கத்தாம கேளுங்க... ஆமா... ஆமா, காலிப் பாய்தான்... இல்லைங்க, நான் விரிக்கலை! எங்க கிளாஸ் வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே... சரி, மறுபடி சொல்றேன். ஒவ்வொரு குழந்தையும் தனக்குப் புடிச்ச வேலையை எடுத்துக்கிட்டு, ஒரு பாயை விரிச்சு உக்காரும். அடுத்தவங்க பாயை மிதிக்கக் கூடாது. வேலை முடியற வரைக்கும் டீச்சரே ஆனாலும் அதுல கை வைக்கக் கூடாது... சிரிக்காதீங்க. குழந்தை இழுத்த இழுப்புக்குப் போறதுக்கு ஒரு டிகிரியான்னு முதல் நாள்லேருந்து கேக்குறீங்க, கேட்டுக்கிட்டே இருங்க.”

அவன் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்தாள். அவனுக்கும் சிரிப்பு வருகிறதே என்று ஒரு பக்கம் ஆறுதல், ஒரு பக்கம் எரிச்சல்.

“பட்டாணின்னு ஒரு வாண்டு... நிஜப் பேரு இல்லை, நான் வெச்சது. என்னைத் தவிர யார்கிட்டயும் வாயே திறக்காது. நான் வந்த நாள்லேருந்து ரெண்டு பாய் விரிக்கும். தனக்கு ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு. அது யாருக்குடா கண்ணுன்னு கேட்டேன்... சொல்றேன், அவசரப்படுத்தாதீங்க... ‘உங்ககூட வர்ற பாப்பாவுக்கு’ன்னு சொல்லுது... ஹலோ? இருக்கீங்களா?... சத்தியமா இல்லைங்க. நம்ம சுண்டெலியைப் பத்தி நான் மூச்சு விடலை. காய்ச்சல்ல புள்ளையைப் பறிகொடுத்தவன்னு இங்க ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது... நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன், ஏதோ விளையாட்டுன்னு. குறுக்க போகாம உக்காந்து பாக்குறதுதானே எங்களுக்குப் பாடமே. பாத்தேன். ஒருநாள் அந்தப் பாய்ல, தண்ணி ஊத்திப் பழகுற ஜாடியை வெச்சுச்சு. வெச்சிட்டு, கைப்பிடியை அந்தப் பக்கமாத் திருப்புச்சு. ஏண்டா திருப்புறேன்னா, ‘பாப்பா பீச்சாங்கையாலதானே ஊத்தும்’ங்குது!”

மகளை அவர்கள் கூப்பிடும் பெயர்தான் சுண்டெலி. அவள் எதையும் இடது கையால்தான் எடுப்பாள். அதற்காக அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

“...இல்லைங்க, உங்களைக் குத்திக் காட்டலை... அழறீங்களா?... சரி, சரி, சளிதான். நம்பிட்டேன்... ஆமா, அந்தப் பாயைச் சுத்தித்தான் நடந்தேன். மத்த பசங்ககிட்ட, மிதிக்காதீங்க, அங்க வேலை நடக்குதுன்னும் சொன்னேன். அதைத்தான் மேடம் நேத்து பாத்துட்டாங்க. நாளைக்கு மார்க் போடுறவங்க வர்றாங்க, அதுக்குள்ள நீயே அந்தப் பாயை எடுத்து மூலையில போடு, இல்லன்னா பாடம் நடத்த விடமாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க... முடியாதுன்னுட்டேன்... போனா போகட்டும், டிகிரிதானே! ஒரு தடவை என் கையாலதான் அவளைத் தூக்கிக் குடுத்தேன். மறுபடியும் நானே அனுப்பணுமா?... வீட்டுக்கா? நான் எப்படிங்க வீட்டுக்கு வருவேன்? அவ இங்கல்ல இருக்கா!”

கத்திவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டாள். இன்று காலையில் நடந்ததை அவள் இன்னும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடுமே என்று பயம்.

“ம்... ம்... இல்லை, மேடமைத் திட்டாதீங்க. அவங்க சண்டை போட்டதுக்கே இப்போ அர்த்தமில்லாமப் போச்சு... என்னங்க... இன்னிக்கு பட்டாணி ஒரே ஒரு பாய்தான் விரிச்சுது... ஆமா. ஒண்ணுதான்... கேக்காம இருப்பேனா? குறுக்க போகக் கூடாதுன்னு இத்தனை வருஷம் படிச்ச படிப்பெல்லாம் காத்துல போச்சு. எங்கடா பாப்பா, எங்கடா பாப்பான்னு அந்தக் குழந்தை தோளைப் புடிச்சு உலுக்கிட்டேங்க... பாவம், மிரண்டுபோய் உதட்டைப் பிதுக்குச்சு... சொல்லுச்சு. ‘பாப்பாவுக்கு வேலை முடிஞ்சிருச்சு டீச்சர், வீட்டுக்குப் போயிருச்சு’ன்னு சொல்லுச்சு.”

அவ்வளவுதான், சொல்லியாயிற்று. வெளியே வாசலில் கடைசிப் பிள்ளையை யாரோ அழைத்துப் போனார்கள். நல்லபடியாக முடிந்ததே, இனியாவது பாரம் இறங்கட்டும் என்று தன்னைத்தானே தேற்றிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. யாருமில்லாத ஊரில் மகள் தன்னைத் தன்னந்தனியாக விட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது.

“...ஹலோ?... ஏதாவது சொல்லுங்களேன். திட்டவாவது செய்யுங்க... எங்க போறீங்க? கதவு திறக்கிற சத்தம் கேக்குது... ஹலோ... லைன்ல இருக்கீங்களா?... ஆங், இருக்கேன், இருக்கேன், சொல்லுங்க... என்ன?... ஒண்ணுமே கேக்கலைங்க. இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தினீங்க, இப்போ என்ன கிசுகிசுன்னு பேசுறீங்க?... சத்தமாப் பேசுங்க... ஏன்? பேசினா என்னவாம்?... யாரு?... யாருங்க முழிச்சுக்குவா?”

இணைப்பு அறுந்துவிட்டது.