எனக்கு நின்னு பழக்கம்

ஷஹீன் பானுதான் மொதல்ல எங்கிட்ட சொன்னா, போன மாசம், ரம்ஜானுக்கு மறுநாளு. 'யக்கா, ஸ்டூலு மந்திரி நம்ம கம்பெனிக்கே வர்றாராம்!'னு. வரட்டும் வரட்டும், வழி மறக்கலியேன்னேன்... பைய எடுக்காதம்மா, சீட்டுலயே இருக்கட்டும். எனக்கு நின்னு பழக்கம். வேலூரு இன்னா, பஸ்ல ஒன்றர மணிநேரம்தான?

அந்த மந்திரி ஜோசுவா அப்ப எம்பக்கத்து டேபிளு. நான் ஷூவுக்கு சொலூஷன் தடவுவேன், அவுரு சோலு ஒட்டுவாரு. இன்னா வாயிங்கற! ஒருநா கம்பெனி கேட்டாண்ட பெட்டி மேல ஏறி, 'எங்கக்காங்க நாள் முச்சூடும் நிக்கிறாங்க, குந்த ஆளுக்கொரு ஸ்டூலு குடு!'ன்னாரு. எங்களுக்கெல்லாம் கண்ணுல தண்ணி. வேலைய நிறுத்திட்டு பதினோரு நாளு கேட்டாண்டயே கெடந்தோம். ஸ்டூலு வரல. அவுருக்கு சங்கத்துல சேரு வந்துச்சு. அப்பறம் முனிசிபாலிட்டில சேரு, சட்டசபைல சேரு, இப்ப தொழிலாளர் மந்திரின்னு சுத்துற சேரு! கஷ்டப்பட்டவுரு, குந்தட்டும். அவுரு ஜெயிக்கணும்னு வள்ளிமல படிய முட்டி போட்டு ஏறுனவளே நான்தான். முருகன் வேண்டுதல கேட்டுக்கினான்... முட்டியதான் திருப்பித் தரல.

வந்தாரும்மா, ஏழு காரு! காலையிலயே மேனேஜரு லாரில நாப்பது ஸ்டூலு எறக்கிட்டாரு. 'கவர கிழிக்காதீங்கம்மா, திருப்பித் தரணும்'னாரு. நாங்க கல்யாணப் பொண்ணுங்க மாதிரி அசையாம குந்தினோம். மந்திரி நேரா எங்கிட்ட வந்து, டிவிக்காரங்க முன்னாடி கைய புடிச்சி, 'சுந்தரிக்கா, குந்த வசதியெல்லாம் இருக்கா?'ன்னாரு. பேரு ஞாபகம் வெச்சிருக்காரே! ஷஹீன் பானு எங்கால மிதிக்கிறா. நான் இன்னா சொன்னேன்னு கேளு... நீ போனையே பாரு, பரவால்ல. 'நல்லா இருக்குதுய்யா. இல்லன்னாலும் எங்களுக்கு நின்னு பழக்கம்தான'ன்னுட்டேன்!

சாயங்காலமே லாரி வந்துச்சு, ஸ்டூலு போச்சு. ஸ்டூலு கேட்டு ஷஹீன் பானு முன்னாடியே போட்ட மனுவுக்கு லேபர் ஆபீசுலேர்ந்து பதிலு வந்துச்சு: 'தொழிலாளர்களே திருப்தி தெரிவித்துவிட்டதால் மனு முடித்து வைக்கப்படுகிறது.' அவளுக்கு இது ஏழாம் மாசம்மா. கால் ரெண்டும் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு. ஒரு வார்த்த என்ன திட்டல. திட்டியிருந்தாகூட தேவலாம்.

அதான் லீவு போட்டு லேபர் ஆபீசுக்குப் போறேன், நான் சொன்னது பொய்யின்னு எழுதிக் குடுக்க. வேல போனா போவட்டும். காலையில முருகன்கிட்ட சொல்லிட்டேன், 'நின்னு பழக்கம்'ங்கற பேச்சு இனிமே என் வாயில வராதுப்பான்னு.

அய்யோ... பஸ்ல ஏறுனதும் உங்கிட்டயும் அதான சொன்னேன்!

ஏம்மா... அந்தப் பைய கொஞ்சம் மடில வெச்சிக்கிறியா? நானும் குந்திக்கிறேன்.