ஆயிரத்து நூறு என்ற கிட்னி அளவு

இரத்தம் சோதிக்கும் தனியார் ஆய்வுகூடம் ஒன்று ஒரு குடும்பத்தைக் காரணமில்லாமல் அழ வைத்தது. மாங்குளம் பேருந்தில் எனக்கு முன்னால் இருந்த கணவனும் மனைவியும் பேசியதில் தெரிந்தது.

"இரத்த ரிப்போர்ட்டில உங்கட கிட்னி அளவு ஆயிரத்து நூறு எண்டு கிடந்தா நான் என்ன நினைக்கிறது?" என்றாள் மனைவி.

"அது ஒண்டு தசம் ஒண்டு சைபர் சைபராம். டொக்டர் சிரிச்சுப்போட்டார். லாப்காரரின்ர கொம்பியூட்டர் வேற நாட்டு முறையில தசப்புள்ளிக்குப் பதிலா கொமா போடுதாம்."

"அப்ப உங்களுக்கு ஒண்டுமில்லையோ?"

"ஒண்டுமில்லை. நீதான் அழுது, கட்டாரில நிண்ட மகனையும் வரப்பண்ணிப்போட்டாய்."

"வரட்டும். வயலில அரிவு வெட்டுக்கு ஆள் வேணும்தானே."

இருவரும் சிரித்தார்கள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆய்வுகூடக்காரரே, இதே மாதிரிப் பிழையான முடிவுத் தாள் இன்னும் எத்தனை பேர் வீட்டில் கிடக்கிறது? பதிலை உங்கள் வாசலில் எழுதி ஒட்டுங்கள்.