நடுங்கிக்கொண்டே சொன்ன பதில்

நாளைக்கு உங்களுக்குப் பிரெஞ்சுத் தேர்வு. ஒருத்தி முகத்துலயும் ரத்தமே இல்ல... சரி, ஒரு குட்டிச் சங்கதி சொல்றேன், கேட்டுட்டுப் போங்க. நடந்ததுதான்.

இதே புதுச்சேரி, இதே மாதா கோயில் கூடம், இதே பிரெஞ்சு வகுப்பு. பிரகாசின்னு ஒருத்தி. புருஷனுக்கு பிரான்சுல, மார்செய் ஊர்ல ஓட்டல் வேலை. கல்யாணமாகி நாலு வருஷம்... சேர்ந்து இருந்தது நாப்பது நாள்! அவர்கிட்ட போகணும்னா விசா வேணும். விசாவுக்கு பிரெஞ்சுல பேசிக் காட்டணும். ஒரு தடவை போய்த் தோத்துட்டு வந்திருந்தா.

பிரான்சுல இருக்கிற மக வீட்டுக்குப் போகணும்னு நானும் அவகூட அதே பெஞ்சுல உட்கார்ந்து படிச்சேன். ஒருநாள் டீச்சரம்மா 'த்ராம்ப்ளே'ன்னு எழுதிப் போட்டாங்க. "அப்படின்னா நடுங்குறது. குளிர்ல நடுங்கினாலும் அதான், பயத்துல நடுங்கினாலும் அதான். குரல் நடுங்கினாலும் அதேதான். ழெ த்ராம்ப்ள்... நான் நடுங்குறேன்."

உடனே எங்ககூடப் படிச்ச ரெஜினா எழுந்துட்டா. "ஏன் டீச்சர், இந்த வெயில்ல யாரு நடுங்கப் போறா? விசிறிக்கு என்ன வார்த்தை, அதைச் சொல்லுங்க!" எல்லாரும் சிரிப்பு. பிரகாசி மட்டும் எழுதிக்கிட்டா. "எழுதுடி எழுது, போன தடவை நடுங்கினது போதலையா?"ன்னா ரெஜினா. பன்னண்டு வருஷம் ஆச்சு... நான் இன்னும் மறக்கல.

தேர்வு நாள். பிரகாசி, வழக்கமா கேட்கிற இருபது கேள்விக்கும் பதிலை செபம் மாதிரி வரிசையா மனப்பாடம் பண்ணிட்டுப் போனா. அங்க என்னாச்சு? அந்த அதிகாரியம்மா ஒன்பதாவது கேள்வியை முதல்ல கேட்டுட்டாங்க!

"உங்க வீட்டுக்காரருக்கு என்ன வேலை?"

"என் பேர் பிரகாசி."

"உங்களுக்கு என்ன சமைக்கத் தெரியும்?"

"எனக்கு இருபத்தொம்பது வயசு."

சிரிக்காதீங்க... அவளுக்கு உசுரே போச்சு. கையில இருந்த தாள் படபடன்னு அடிக்குது. அந்தம்மா பேனாவை மூடப் போறாங்க. அப்ப வாயைத் திறந்தா பாருங்க...

"மதாம்... ழெ த்ராம்ப்ள்."

அந்தம்மா நிமிர்ந்தாங்க. ஏசியைக் காட்டி, "குளிருதா?"

"இல்ல மதாம். பயம்."

"என்ன பயம்?"

இதுக்கு மனப்பாடம் ஏது? "அவர் அங்க. நான் இங்க. நாலு வருஷம். இன்னிக்கும் தோத்தா... மறுபடியும் நான் இங்கதான்." உடைஞ்ச பிரெஞ்சுதான், ஆனா சொந்தப் பேச்சு. அந்தம்மா பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு இன்னொண்ணு கேட்டாங்க, இவ சொன்னா. இன்னொண்ணு கேட்டாங்க, அதையும் சொன்னா. தேறிட்டா!

இதுல என்ன தெரியுது? நடுக்கம் நிக்கட்டும், அப்புறம் பேசலாம்னு அவ காத்திருந்தா தேறியிருப்பாளா? நாளைக்கு உங்களுக்கும் கை நடுங்கும். நடுங்கட்டுமே! ஒளிக்காதீங்க. 'நடுங்குறேன்'னு சொல்லிட்டு, அடுத்த வார்த்தையைப் பேசுங்க. எதிர்ல உட்கார்ந்திருக்கிறதும் ஒரு மனுஷிதாம்மா... அவங்களோட பேசத்தானே போறீங்க?