எதிர்க் கராஜ் பிரதாபன்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அன்புத் தங்கை ராஜினி அவர்களே, கண்டாவளையிலிருந்தும் மாங்குளத்திலிருந்தும் அஞ்சலி செலுத்த வந்து இந்தப் பொதுநோக்கு மண்டபத்தை நிறைத்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

நான் வீரையா. எமது வாகனத் திருத்துநர் சங்கத் தலைவர் அமரர் பிரதாபனின் கராஜுக்கு நேரெதிரே, பரந்தன் சந்தியில் கராஜ் வைத்திருப்பவன். உள்ளே வரும்போது வாசலில் கொஞ்சநேரம் நின்று பார்த்தேன். கதிரை போதாமல் வெளியிலும் சனம் நிற்கிறது. நான் செத்தால் இத்தனை பேர் வருவார்களா? வயிறு எரிந்தது. செத்தவனைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன். என்னைப் பேசச் சொன்னவர்களுக்கும் அது தெரியும்.

‘அவர்’ என்று சொல்ல வாய் வரவில்லை, மன்னிக்க வேண்டும். அவன் ‘நாளைக்கு’ என்றால் அடுத்த கிழமை. அவன் ஸ்பனரைத் தேடி எடுப்பதற்குள் நான் ஒரு எஞ்சினை இறக்கி ஏற்றிவிடுவேன். என் கராஜுக்குச் சீமெந்துத் தரை, அவனுடையதுக்கு வெறும் மண். அப்படியிருந்தும் சனம் எங்கே போனது? மாரியில் சேறு மிதித்துக்கொண்டு அவனிடம் போனது. ஏன் போனது?

முன்வரிசையில் இருக்கிறார் முல்லைத்தீவுப் புடைவை வியாபாரி கலந்தர் நானா. அவரைக் கேளுங்கள். பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த காலம் உங்களுக்கு மறந்திருக்காது. ஒரு துளியும் ஆவியாகிப் போய்விடக் கூடாதென்று, தாங்கியின் வாயில் பொலித்தீனைக் கட்டி அதன்மேல் மூடியை இறுக்கினோம். நானாவும் புடைவை ஏற்றும் தன் வான் வண்டிக்குக் கட்டினார். பிறகு அந்த வான் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்கத் தொடங்கியது. கொஞ்சநேரம் விட்டால் திரும்ப ஓடும். என்னிடம்தான் முதலில் கொண்டுவந்தார். பிளக் மாற்றினேன், பில்டர் கழுவினேன், பம்பும் மாற்றினேன். அந்தப் பொலித்தீனையும் கண்டேன். ‘நல்ல வேலை நானா’ என்று பாராட்டவும் செய்தேன். என் முற்றத்தில் வான் அருமையாக இயங்கியது. கண்டாவளை போகமுதல் நின்றுவிட்டது.

நானா வீதியைக் கடந்து அவனிடம் போனார். அவன் பொனற்றைத் திறக்கவேயில்லை.

“நானா, நீங்கள் எப்பவும் ஓடுற மாதிரி ஓடுங்கோ. நான் பக்கத்தில இருக்கிறன்” என்று ஏறிக்கொண்டான். வழியெல்லாம் ஓயாத கதை. வான் நின்றது. அப்போது மட்டும் அவன் வாய் மூடியது.

“நானா, இப்ப கதையாதைங்கோ.”

இறங்கிப் போய்த் தாங்கி மூடியைத் திறந்து பொலித்தீனை அவிழ்த்தான். ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டது. பெற்றோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வழியை அடைத்தால் பம்ப் எப்படி இழுக்கும்? வான் உடனே ஓடியது. நானா நேரே என்னிடம் வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னார். அன்று பின்னேரம் என் மோட்டார் சைக்கிளில் கட்டியிருந்த பொலித்தீனைச் சத்தமில்லாமல் கழற்றினேன்.

அவன் நெஞ்சுநோவில் போனபோது முற்றத்தில் ஒரு கார் நின்றது. மாங்குளத்தில் படிப்பிக்கும் பிரேமிளா ரீச்சருடையது. அதுவும் ஓட்டத்தில் நிற்கும் கார். ஏ9 வீதியில் பின்னால் பஸ் வரும்போது எஞ்சின் நின்று, ஸ்டியறிங் பாரமாகி, ரீச்சர் மயிரிழையில் தப்பியிருக்கிறார். திங்கட்கிழமை ரீச்சரோடு கூட ஏறி ஓடிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தவன், ஞாயிற்றுக்கிழமை போய்விட்டான்.

செத்தவீட்டுக் காரியங்கள் முடிந்து அவன் மனைவி, தங்கை ராஜினி, வீதியைக் கடந்து வந்தார்.

“அண்ணை, ரீச்சரின்ர காரை நீங்கள்தான் பாக்கவேணும். வேற ஆரிட்டக் குடுக்கிறது?”

மாட்டேன் என்று சொல்லமுடியுமா? பிழையைக் கண்டுபிடிக்காவிட்டால் ஊர் என்ன சொல்லும்? ‘பிரதாபன் இருந்திருந்தால்’ என்று சொல்லும். ரீச்சருக்கு வீதியில் ஏதும் நடந்தாலும் அதையே சொல்லும். செத்தும் அவன் என்னை விடவில்லை.

ரீச்சர் தன் சாவிக் கோர்வையிலிருந்து கழற்றிக் கராஜில் விட்டுப்போன ஒற்றைத் திறப்பைப் போட்டு, காரைத் தனியே ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. வீதியில் கிடங்கு குழியிலும் விழுத்திப் பார்த்தேன், நிற்கவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் ரீச்சரைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்லி, பக்கத்தில் ஏறி இருந்தேன். அந்த இருக்கையில் இருக்க எனக்கு எவ்வளவு எரிச்சல் என்று உங்களுக்குத் தெரியாது.

நான் கொடுத்த திறப்பை ரீச்சர் பழக்கத்தில் தன் சாவிக் கோர்வையிலே மாட்டினார். வீட்டுத் திறப்பு, பாடசாலை அலுமாரித் திறப்புகள், நூலகத் திறப்பு என்று ஒரு கைப்பிடி இரும்பு. முறிகண்டி தாண்டி ஒரு கிடங்கில் சில்லு விழுந்தது. கோர்வை ஆடி இழுத்தது. எஞ்சின் நின்றது. ரீச்சர் ஏதோ சொல்ல வந்தார்.

“ரீச்சர், கொஞ்சம் பேசாமல் இருங்கோ” என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வசனம் என்று உறைத்தது.

திறப்புப் போடும் சுவிட்ச் உள்ளே தேய்ந்திருந்தது. அந்தப் பாரம் இழுக்கும்போதெல்லாம் மின்சாரம் அறுந்தது. சுவிட்சை மாற்றினேன், கார்த் திறப்பைத் தனியே வைக்கச் சொன்னேன். கார் இன்றுவரை நிற்கவில்லை. ரீச்சருக்குச் சந்தோசம்.

“பிரதாபன் அண்ணை இருந்தாலும் இப்பிடித்தான் கண்டுபிடிச்சிருப்பார், என்ன?” என்றார்.

கண்டுபிடித்தவன் நான். பேர் அவனுக்கு. ‘ஓம் ரீச்சர்’ என்றுதான் சொன்னேன். நான் தனியே ஓட்டிக்கொண்டே இருந்திருந்தால் அந்தக் காருக்கும் ஒரு புதுப் பம்ப் போட்டிருப்பேன்.

சபையோரே, அவன் விட்ட பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். அவர்களிடம் ஸ்பனர் இல்லை, என்னிடம் இருக்கிறது. உங்கள் வாகனம் ஓட்டத்தில் நின்றால் என்னிடம் கொண்டுவாருங்கள். பொனற்றைத் திறக்கமுதல் உங்களோடு ஏறி வருவேன். இது தங்கை ராஜினியின் முன்னால் நான் கொடுக்கும் வாக்கு. வழியெல்லாம் நீங்கள் அவனைப் பற்றித்தான் கதைப்பீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். கதையுங்கள். வயிறு எரிய எரியக் கேட்டுக்கொண்டு வருவேன். எஞ்சின் நின்றதும் மட்டும் கொஞ்சம் பேசாமல் இருங்கள். அவன் அப்படித்தான் கேட்டான்.