காடைக் கொட்டகைக்கு ஒரு ஏர் கன்

— அந்த மேல் தட்டுல இருக்கு பாருங்க, பீரங்கி மாதிரி, அதை இறக்குங்க.

— ஐயா, அது காட்டுப்பன்னி அடிக்கறது. நீங்க எலிக்குன்னுதானே சொன்னீங்க?

— எலின்னதும் லேசா நெனச்சுட்டீங்களா கடைக்காரம்மா? எங்க வீட்டு எலி பூனையைத் துரத்துது.

— மாமா, பூனையை விடுங்க. நான் சொல்றேன் அக்கா. வீட்டுக்குப் பின்னாடி கொட்டகை போட்டுக் காடை வளர்க்கறேன். ஒரே வாரத்துல முப்பத்தோரு குஞ்சு போச்சு. கம்பி வலை மாத்தியாச்சு. பொறி வெச்சாச்சு. தீனியை மட்டும் எடுத்துட்டுப் போகுதே தவிர மாட்ட மாட்டேங்குது.

— மருந்து வைக்கலாமே?

— தப்பித்தவறி தீவனத்துல கலந்துட்டா மொத்தமும் காலி. இன்னும் ஒம்பது நாள்ல அடுத்த முட்டை பொரியும். அதையும் தின்னுடுச்சுன்னா கொட்டகையைப் பிரிச்சுட்டு, பழையபடி துணிக்கடையில தாவணி மடிக்கப் போக வேண்டியதுதான்.

— போறாளாம்ல! இவ புருஷன், எம் பையன், கப்பல் வேலையில கெடக்கான். மூணு வருஷமா ஒத்தை ஆளா நின்னு கட்டின கொட்டகை அது. இந்த ஊர்ல பாதி ஹோட்டலுக்கு எங்க மருமக காடைதான் போகுது, தெரியுமா உங்களுக்கு?

— மாமா, அவங்க அதைக் கேட்கல.

— கேட்டாத்தான் சொல்லணுமா?

— நிதானம் ஐயா, எல்லாம் சொல்லலாம். எங்கிருந்து சுடப் போறீங்க? எவ்வளவு தூரம்?

— பின்வாசல் படியில இருந்து கொட்டகை மூலைக்கு என் காலடியில பதினாலு தப்படி அக்கா. அளந்துட்டுத்தான் வந்தேன். மாமா காலடின்னா பத்து.

— எலிக்குப் பின்னாடி என்ன இருக்கு?

— கருங்கல் சுவர்.

— அப்ப முதல்ல மண் மூட்டை அடுக்குங்க. கல்லுல பட்ட குண்டு வந்த வழியே திரும்பி வரும். சரி, சுடறது யாரு?

— இதென்ன கேள்வி? நான்தான்! முப்பது வருஷம் கிரேன் ஓட்டினவன். பன்னெண்டு மாடி உசரத்துல உக்காந்துக்கிட்டு, கீழ ஒரு செங்கல் அசையாம தண்ணித் தொட்டியை இறக்கினவன். நம்ம கண்ணு என்ன சாதாரணக் கண்ணா?

— நல்லதுங்க. ஆனா இந்தக் கடையில ஒரு வழக்கம் இருக்கு. பின்னாடி சந்துல உங்க வீட்டுத் தூரத்துக்குத் தாள் ஒட்டுவேன். பாட்டில் மூடி அளவுக்கு ஒரு வட்டம். அஞ்சு குண்டு, அஞ்சும் வட்டத்துக்குள்ள விழணும். இல்லன்னா ரசீது கிடையாது.

— அஞ்சும் விழலன்னா எவ்வளவு கொடுத்தாலும் விக்க மாட்டீங்களா அக்கா?

— மாட்டேம்மா. அரைகுறையா அடிபட்ட எலி ரெண்டு நாள் துடிச்சு சாகும். அதுவும் உசிருதானே. சுட்டா ஒரே அடி, இல்லன்னா பொறியே வைங்க.

— எனக்கும் அதுதான் சரின்னு படுது. இன்னொண்ணு அக்கா, சத்தம் கம்மியா இருக்கணும். காடை மிரண்டா முட்டையை நிறுத்திடும்.

— பார்த்தீங்களா! எப்படிக் கேட்டா பாருங்க! இந்தக் கேள்வி எனக்குத் தோணிச்சா? உங்களுக்குத் தோணிச்சா?

— உண்மைதான், தோணல. அப்ப ஸ்பிரிங் வெச்சதுல நல்லதா பார்ப்போம். இந்தாங்க ஐயா, இதைப் பிடிங்க.

— முதல்ல அவ பிடிக்கட்டும்.

— நான் எதுக்கு மாமா? சுடப் போறது நீங்க.

— எடை எப்படி இருக்குன்னு சொல்லேன். எனக்கு நேத்துல இருந்து தோள்பட்டை ஒரு மாதிரி இருக்கு.

— நேத்து தீவன மூட்டை ரெண்டு தூக்குனீங்க, அப்ப தோள்பட்டை இல்லையா? கொடுங்க அக்கா. அம்மாடி, இது கனம். குண்டு போடக் குழாயை மடக்கவே வரல.

— அதை வெச்சுடுங்க. இது?

— லேசாத்தான் இருக்கு. ஆனா நீளம். குறி பார்க்கற கண்ணாடிக் குழாய்க்குக் கண்ணு எட்டல.

— இதோ, இதைப் பாருங்க.

— ம்... இது பரவாயில்ல. மடக்க முடியுது. கன்னம் தானா வந்து உக்காருது.

— அப்ப சுடேன் ஒண்ணு.

— மாமா!

— சும்மா ஒண்ணு. சத்தம் எப்படின்னு தெரிய வேணாமா? காடைக்காக!

— வாங்கம்மா, சந்துப் பக்கம். துப்பாக்கியோட பின்கட்டையைத் தோளுக்குள்ள நல்லா அழுத்துங்க. மூச்சைப் பாதி விட்டு நிறுத்துங்க. விசையை வெடுக்குன்னு இழுக்காதீங்க.

— ஐயோ, எங்க போச்சு?

— வட்டத்துக்கு மேல நாலு விரல். நிதானம். தாளை மாத்தறேன். இதுல இருந்து கணக்கு.

— எனக்கு எதுக்கு அக்கா கணக்கு? மாமா, சிரிக்காதீங்க, குறி கலையுது.

— நான் சிரிக்கல. வாயை மூடிட்டேன்.

— ஒண்ணு. உள்ள.

— நெசமாவா?

— ரெண்டு. அதே ஓட்டையை ஒட்டி. மூணு. அவசரமே வேணாம்மா. நாலு, கொஞ்சம் விளிம்புல, ஆனா உள்ளதான்.

— அஞ்சாவது வேணாம் அக்கா. இதுவரைக்கும் நல்லா வந்துச்சு, கெடுத்துக்க வேணாம். இனி மாமா சுடட்டும்.

— அட, சுடும்மா! மூணு வருஷத்துல எத்தனை தடவ ‘இதோட போதும்’னு சொல்லியிருப்ப? ஒரு தடவயாவது விட்டியா?

— சரி, இந்த ஒண்ணுதான்.

— அஞ்சு! உள்ள!

— விழுந்துச்சா? நல்லாப் பாருங்க கடைக்காரம்மா! அஞ்சுமா? அஞ்சுமா! எங்க மருமகம்மா! தாளைக் கிழிச்சுக் கொடுங்க, சட்டம் போட்டு மாட்டறேன்!

— ஓட்டைத் தாளுக்கு யாராவது சட்டம் போடுவாங்களா? வழி விடுங்க மாமா, இப்ப உங்க முறை.

— எனக்கு எதுக்கு? அதான் நீ சுட்டுட்டியே. கண்ணாடி வேற வீட்டுல விட்டுட்டேன்.

— கண்ணாடி உங்க சட்டைப் பையில இருக்கு.

— அது... பேப்பர் படிக்கறது.

— ஊரெல்லாம் கிரேன் கதை சொல்றீங்க, அஞ்சு குண்டு சுட மாட்டீங்களா? சரி, வீட்டுல போய்ச் சுடுங்க. அக்கா, ரசீதுல இவர் பேரைப் போடுங்க. கொட்டகைக்கு இவர்தான் காவல்.

— அவர் பேரைப் போட முடியாதும்மா.

— கடைக்காரம்மா, வேணாம். பேசினபடி இருங்க.

— மன்னிச்சுக்குங்க ஐயா, யார் சுடறாங்களோ அவங்க பேர்தான் போடுவேன். ஏம்மா, போன செவ்வாய்க்கிழமை இவர் தனியா வந்தார். அஞ்சு குண்டும் சுட்டார். ஒண்ணு கூடத் தாள்ல படல. வட்டமே தெரியலன்னார்.

— மாமா? கண்ணு தெரியலையா? எத்தனை நாளா?

— கிரேன்ல இருந்து எதுக்கு இறக்கி விட்டாங்கன்னு நெனச்ச? வீட்டுல ஓய்வுன்னு சொல்லி வெச்சேன்.

— அப்ப நீங்க சுடறதா சொன்னது?

— ‘வா, நீ சுடு’ன்னா நீ வந்திருப்பியா? கொட்டகையைப் பிரிக்க ஆள் கூப்பிட்டிருப்ப.

— நீங்க இன்னொண்ணும் கேட்டுக்கணும்மா. செவ்வாய்க்கிழமை மதியமே திரும்பி வந்தார், கையில ஒரு நூலோட. கொடியில காய்ஞ்ச உங்க முழுக்கைச் சட்டையோட கை நீளமாம் அது. ‘சுடறவ அளவு இது’ன்னார். உங்க தோள்ல இருக்கற துப்பாக்கிக் கட்டையை அன்னிக்கே அந்த நூல் அளவுக்கு அறுத்து வெச்சாச்சு.