பரத்தின் ஏழு விதிகள்

பரத்: குறுக்க பேசாதீங்க மச்சான். இப்பதான் மூணாவது விதிக்கு வந்திருக்கேன்.

வேம்புலி: சொல்லுங்க மாப்ள. ரயிலு ஆவடி தாண்டிடுச்சு. அம்பத்தூர்ல நான் எறங்கறதுக்குள்ள ஏழும் முடியுமா?

பரத்: முழுசா புரியணும்னா கொரட்டூர் வரைக்கும் வரணும்.

வேம்புலி: கொரட்டூர்ல எனக்கு இன்னா வேலை? எட்டரைக்கு லேத்துகிட்ட நிக்கணும். நீங்க ஐ.டி. ஆளு, லேட்டா போலாம்.

பரத்: அவசரப்படறவங்க வீடியோ கேம் கன்சோல தொடவே கூடாது. இது இரும்பு இல்ல, தப்பாயிடுச்சுன்னா திரும்ப கடைஞ்சுக்கறதுக்கு. கம்பெனி போட்டு அனுப்புன மென்பொருள தூக்கிட்டு நாமளே வேற ஒண்ணு ஏத்தறோம். அதுதான் கஸ்டம் ஃபர்ம்வேர். பாதில நின்னுச்சுன்னா மெஷினே காலி.

வேம்புலி: அதான் மொத விதி, பேட்டரி ஃபுல்லா இருக்கணும். ரெண்டாவது, மாடல் நம்பர் பாத்து அதுக்கான ஃபைல மட்டும் எடுக்கணும். கரீட்டா?

பரத்: பரவாயில்லையே. எங்க ஆபீஸ்ல புதுசா வர்றவங்களே இவ்ளோ சீக்கிரம் புடிக்க மாட்டாங்க.

வேம்புலி: வாத்தியாரு அப்டி.

பரத்: அது... ஆமா. இந்த ஏழு விதியையும் திருநின்றவூர் அபார்ட்மென்ட் குரூப்ல போட்டேன். நூத்திப் பன்னெண்டு பேர் கைதட்டல் போட்டாங்க. ஞாயித்துக்கிழமை கீழ ஹால்ல வகுப்பு எடுங்கன்னு செக்ரட்டரி தேவராஜ் சார் வீட்டுக்கே வந்து கேட்டாரு. பேனர் அடிச்சாச்சு.

வேம்புலி: என் தங்கச்சி சிம்ரன் போட்டோ அனுப்புனா. ‘கன்சோல் வல்லுநர் பரத்’. அபார்ட்மென்ட் கேட்டு அளவுக்கு உங்க மூஞ்சி.

பரத்: கோட்டு நல்லா இருந்துச்சா?

வேம்புலி: கல்யாணத்துக்கு நாங்க எடுத்துக் குடுத்ததாச்சே, நல்லாதான் கீது. மூணாவது இன்னா?

பரத்: உள்ள இருக்கற பழசு எல்லாத்தையும் காப்பி எடுத்து தனியா வச்சுக்கணும். நாலாவது, மெமரி கார்டு போடற ஸ்லாட்டுல ஒரு தூசி இருக்கக் கூடாது. மெஷின் அந்தக் கார்டுல இருந்துதான் படிக்கும். அங்க அடைச்சிருந்தா ஸ்கிரீன் இருட்டுதான்.

வேம்புலி: நீங்க போடறப்ப தொடச்சீங்களா?

பரத்: நானா... விதியெல்லாம் புதுசா வர்றவங்களுக்கு மச்சான். எனக்கு இருக்கற அனுபவத்துக்கு...

வேம்புலி: ஓ.

பரத்: அத விடுங்க. உங்க மெஷின் எங்க? செகண்ட் ஹேண்ட்னு சொன்னீங்களே.

வேம்புலி: பையிலதான் கீது. தெரிஞ்சவங்க ஊட்ல சும்மா கெடந்துச்சு.

பரத்: ஒண்ணு பண்ணலாம். ஞாயித்துக்கிழமை அதுலயே செஞ்சு காட்டறேன். அத்தன பேர் முன்னாடி. உங்களுக்கும் ஒரு பெருமை.

வேம்புலி: எனக்கு இன்னாத்துக்கு பெருமை? உங்க ஊட்ல ஒண்ணு கீதே. சிம்ரன் மொத சம்பளத்துல வாங்குனது.

பரத்: அது டப்பாவோட சாமி ஷெல்ஃப்ல இருக்கு. ஆயுத பூஜைக்கு வச்சது.

வேம்புலி: ஆயுத பூஜை முடிஞ்சு ரெண்டு வாரம் ஆவுது. எங்க பட்டறையில மறுநாளே மெஷின ஓட்டிட்டோம்.

பரத்: சில பொருள உடனே எடுக்கக் கூடாது. தீபாவளி வரைக்கும் தொடாதேன்னு சிம்ரன்கிட்டயும் சொல்லிட்டேன். எங்க அம்மா ஊர்ல அப்படி ஒரு வழக்கம்.

வேம்புலி: உங்க அம்மா ஊரு முத்தாபுதுப்பேட்டை. எங்க ஊட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. எனக்குத் தெரியாத வழக்கமா?

பரத்: மெதுவா பேசுங்க... எல்லாரும் பாக்கறாங்க.

வேம்புலி: சரி, மெதுவாவே சொல்றேன். எங்க பட்டறையில வருசா வருசம் புதுசா சேந்தவன் எவனாச்சும் பக்தி முத்திப்போயி சந்தனத்த சென்சார் மேலயே அப்பிடுவான். மறுநாள் மெஷின் ஓடாது. லட்ச ரூவா போச்சுன்னு மேனேஜர் தலையில கைய வெச்சுக்கினு உக்காந்துடுவாரு. நான் போயி பிரஷ்ல ரெண்டு தட்டு தட்டுவேன். ஓடிடும். இருவத்தோரு வருசமா ஆயுத பூஜை மறுநாள் எனக்கு அதான் வேலை.

பரத்: அதுக்கும் கன்சோலுக்கும் என்ன...

வேம்புலி: பொட்டு எங்க வச்சீங்க?

பரத்: என்னது?

வேம்புலி: மெஷினுக்கு மாப்ள. திருமுல்லைவாயல் வந்துடுச்சு. சொல்லுங்க.

பரத்: ...நல்ல காரியம் ஆரம்பிக்கறோமேன்னு மேல ஒண்ணு. பக்கவாட்டுல, கார்டு ஸ்லாட்டுகிட்ட ஒண்ணு. சந்தனம் கொஞ்சம் தண்ணியா கொழைஞ்சுடுச்சு. அப்புறம்தான் கார்ட சொருகுனேன்.

வேம்புலி: ம்.

பரத்: பாதி ஏறிச்சு மச்சான். அப்பால இருட்டு. இன்னா பண்ணாலும் எழுந்திருக்கல. ரெண்டு வருசமா அவ ஆடி சேத்து வச்சதெல்லாம் அதுலதான் கீது. காப்பியும் எடுக்கல. அவகிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கினு சொல்றது? ஞாயித்துக்கிழமை அந்தப் பேனருக்குக் கீழ எப்டி நிக்கறது? அதான் உங்க மெஷின...

வேம்புலி: இப்பதான் நம்ம ஊரு பேச்சே வருது உங்களுக்கு. இந்தாங்க, புடிங்க. நான் எறங்கணும்.

பரத்: இது... மூலையில இந்தக் கீறல்... மச்சான், இது எங்க மெஷினு. ஓடுது. ஃபர்ம்வேரும் ஏறிக்கீது. சாமி ஷெல்ஃப்ல கீறது அப்போ...

வேம்புலி: வெறும் டப்பா. தீபாவளி வரைக்கும் தொடாதேன்னீங்களே, அதுலயே சந்தேகம் வந்து சிம்ரன் எடுத்தாந்துட்டா.

பரத்: அவ ஆடுனதெல்லாம்...

வேம்புலி: அப்டியே கீது. நீங்க குரூப்ல போட்ட அன்னிக்கே மூணாவது விதிய படிச்சிட்டு காப்பி எடுத்து வச்சிட்டாளாம்.

பரத்: அப்போ இத சரி பண்ணது நீங்களா?

வேம்புலி: நான் சந்தனத்த மட்டும்தான் சுரண்டுனேன். உங்க ஏழு விதிய போன்ல வச்சிக்கினு, ஒண்ணு ஒண்ணா படிச்சு, முந்தாநாள் எங்க ஊட்டுக் கூடத்துல உக்காந்து ஏத்துனது சிம்ரன். முடிச்சதும் இன்னா சொன்னா தெரியுமா? “என் புருசன் எழுதுனதுல ஒரு தப்பு கெடையாதுண்ணா. அத்தன பேருல அத படிக்காதது அவரு ஒருத்தருதான்.”